சுழலும் டியூப், மூழ்கும் மட்லர்: பின்லாந்து ஃப்ளைகளில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

பின்லாந்தில் ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் மயிரும் இறகும் கட்டிச் செய்யும் செயற்கை இரை, கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்காகக் கட்டுகிறார்கள். வடக்கே தோர்னியோ, சிமோ போன்ற ஆறுகளில் சால்மனுக்கு, நீண்ட மயிர்ச் சிறகு வைத்த டியூப் ஃப்ளை (சிறு குழாய்மேல் கட்டி, முள்ளைப் பின்னால் மாட்டுவது). ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே பாறைகளுக்கிடையில் இரைந்து ஓடும் வேகநீர்களில் ட்ரௌட் மீனுக்கு, மான் மயிர்த் தலையுள்ள மட்லரும், கேடிஸ் பூச்சிபோல் கட்டிய, நீர்மேல் மிதக்கும் ஃப்ளையும். முதல் வகையின் கோளாறு ஃப்ளை தண்ணீருக்குள் போன பிறகே தெரியும். இரண்டாம் வகையின் கோளாறு பாதிக்குமேல் வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடித்திருக்கும் இடுக்கி) இருக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டிலும் பொதுவான காரணம் ஒன்று உண்டு: மயிர் அதிகம், அதைத் தாங்கும் அடித்தளம் குறைவு. கீழே உள்ள எந்தக் கோளாறுக்கும் பொருளை மாற்றும் முன் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

சோதிப்பதற்கு ஒரு முறை. புதிதாகக் கட்டிய ஃப்ளையின் மயிரில் காற்று நிறைந்திருக்கும். அப்படியே நீரில் போட்டால் நன்றாகக் கட்டியதுகூடச் சாய்ந்துதான் கிடக்கும். அதனால் முதலில் நனைத்து இருமுறை விரலால் பிழியுங்கள். பிறகு முள்ளையும் மாட்டி, ஒரு மீட்டர் தூண்டில் நரம்பில் கட்டி, நடை வேகத்தில் ஓடும் ஆற்றோர நீரில் அரை நிமிடம் அசையாமல் பிடித்துப் பாருங்கள். குளியல் தொட்டியில் இழுத்துப் பார்ப்பது அடுத்தபட்சம். அங்கே சாய்வு தெரியும், சுழற்சி தெரியாது.

டியூப் ஃப்ளை பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது மல்லாந்து நீந்துகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். தேனோ ஆற்றில் படகைத் துடுப்பால் நிறுத்திப் பிடித்தபடி ஃப்ளையைப் பின்னால் தொங்கவிட்டு மீன்பிடிப்பது பழைய வழக்கம். (2021 பருவத்தில் அங்கே சால்மன் பிடிக்கத் தடை வந்தது.) அப்படி நீரோட்டத்திலேயே நெடுநேரம் தொங்கும் ஃப்ளை சாய்ந்தால் முழு நேரமும் சாய்ந்தபடிதான் இருக்கும். கரையிலிருந்து வீசுகிறவர்களுக்கும் தூண்டில் நூல் வளைந்து வந்து நிற்கும் கடைசிக் கட்டத்தில் இதே நிலைமைதான்.

முதலில் முள்ளைப் பாருங்கள். ஒற்றை முள்ளின் வளைவு கீழ்நோக்கி நிற்கும்போது அதுவே அடிப்பாரமாகிவிடும். மூன்று கிளை முள்ளுக்கு மேல் கீழ் என்று எதுவும் இல்லாததால் அந்த உதவி கிடைக்காது. 8ஆம் எண் முள் இருந்த இடத்தில் 6ஆம் எண்ணை (எண் குறையக் குறைய முள் பெரிது) மாட்டியதும் ஃப்ளை நிமிர்ந்தால், அந்த டியூபுக்குச் சிறகு கனம் என்று பொருள். பெரிய முள்ளோடு அந்த ஒன்றைப் பயன்படுத்தலாம். அடுத்ததில் மயிரைக் குறையுங்கள்.

முள்ளை மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஃப்ளையைக் கண் மட்டத்தில் பிடித்து முன்பக்கமிருந்து நேராகப் பாருங்கள். கடிகார முகமாக எண்ணிக்கொண்டால் சிறகு 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் இருக்க வேண்டும். வலக்கைக்காரர்கள் கட்டும் சிறகு நூலின் இழுப்பில் எதிர்ப்பக்கம் நகர்ந்து 2 மணிக்குப் போவது வழக்கம். மயிர்க்கற்றையைச் சற்றே உங்கள் பக்கமாக வைத்து, விரலால் இறுக்கிப் பிடித்து, முதல் இரண்டு சுற்றை மேலிருந்து நேராக இறுக்குங்கள். நூலே அதை உச்சிக்குக் கொண்டுவரும்.

அடுத்தது எடை இருக்கும் இடம். பிளாஸ்டிக் டியூபின் மூக்கில் பித்தளைக் கோன் (கூம்பு வடிவ எடை) மட்டும் வைத்தால் ஃப்ளை தலைகுப்புற இறங்கும், ஆனால் நிமிர்ந்து நிற்காது. உடலின் பின்பாதியில் குட்டையான செம்பு அல்லது பித்தளை டியூபைச் சேர்த்தால் முன்னும் பின்னும் சமமாகும். பின்லாந்து நிறுவனமான யூமெர் விற்கும் கண்ணீர்த்துளி வடிவ உலோக டியூபின் வடிவம் உடல் எடையைத் தானே பார்த்துக்கொள்ளும், தனிக் கோன் தேவைப்படாது. ஜூன் தொடக்கத்தில் நீர் உயர்ந்து குளிர்ந்திருக்கும்போது இந்த எடை பொருந்தும். ஜூலை கடைசியில் நீர் வடிந்த பிறகு அதே டியூப் கல்லில் இடிக்கும். அப்போது வெறும் பிளாஸ்டிக் போதும். டங்ஸ்டனை ஆழமான இழுப்புகளுக்கு மட்டும் வையுங்கள். மெதுவான நீரில் அது ஃப்ளையை மூக்கால் தொங்கவிட்டுவிடும்.

சாய்வதற்குப் பதில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் காரணம் வேறு. பக்கத்துக்கு ஒன்றாக வைக்கும் காட்டுக்கோழி இறகுகள் ஒரே கோணத்தில் இல்லை, அல்லது மூக்கில் வைக்கும் முன் தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இறகை நறுக்கிவிட்டு மறுபடி சோதித்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். இந்த இறகுக்குரிய பறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட பறவை அது. ஐரோப்பியக் கட்டுநர்கள் பண்ணையில் வளர்த்தவற்றின் இறகை வாங்குகிறார்கள். விலை அதிகம் என்பதால் இறகே இல்லாமல் கட்டிப் பழகுவதில் தவறில்லை. சால்மன் அதைக் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சிறகு முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மயிர் முள்ளுக்கு அடியில் மாட்டியிருந்தால் வீச்சு நடையைக் குறை சொல்லும் முன் சிறகின் அடியைப் பாருங்கள். ஃபின்ராக்கூன் மயிர் பின்லாந்துப் பண்ணைகளில் வளர்க்கப்படும் ராக்கூன் நாயின் தோலிலிருந்து வருவது. அடியில் அடர்ந்த மென்கம்பளி, அதன் ஊடே நீண்ட, சற்றே விறைத்த மேல்மயிர். துருவ நரி வாலும் ஏறத்தாழ அப்படித்தான், இன்னும் மென்மையானது. இரண்டுமே தன் பலத்தில் நிற்காது, கீழிருந்து ஒன்று தாங்க வேண்டும்.

தாங்கலை மூன்று வகையாகக் கொடுக்கலாம். சிறகு கட்டும் இடத்துக்குப் பின்னால் உடலைச் சிறிய டப்பிங் (நூலில் உருட்டிச் சுற்றும் கம்பளி இழை) உருண்டையில் முடிப்பது எளியது. மயிர் அதன்மேல் ஏறி உயர்ந்து நிற்கும். இரண்டாவது, சிறகுக்கு அடியில் சிறகின் பாதி நீளத்துக்கு விறைத்த மான்வால் மயிர், பத்துப் பன்னிரண்டு இழை போதும். மூன்றாவது வகையே பெரிய சிறகுகளுக்கு நம்பகமானது: முதல் கற்றையின் நுனி முன்பக்கம் பார்க்கும்படி கட்டி, பிறகு பின்னால் மடக்கி, மடிப்பின் முன்னால் மூன்று நான்கு சுற்று நூல் போட்டு நிறுத்துங்கள். மயிர் உடலோடு ஒட்டாமல் 30–40 பாகைக் கோணத்தில் நிற்கும்.

அதோடு, முள்ளைப் பிடித்திருக்கும் மென்குழாய் டியூபின் பின்னால் ஒரு சென்டிமீட்டராவது நீண்டிருக்கட்டும். முள் பின்னுக்குப் போகப் போகச் சிறகு சிக்கும் வாய்ப்பு குறையும், மீன் வாலைக் கடித்தாலும் முள் அங்கே இருக்கும். சிறகின் நீளம் டியூபும் முள்ளும் சேர்ந்த நீளத்தைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டினால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது.

நனைந்ததும் சிறகு ஒற்றைக் கயிறாகிவிடுகிறது

உலர்ந்திருக்கும்போது பஞ்சுபோல் இருந்த ஃப்ளை நீரில் நூல்போல் சுருங்குகிறதா? மயிர் போதவில்லை என்று மேலும் சேர்ப்பதுதான் எல்லாரும் செய்வது. அதனால் கனமான கயிறு கிடைக்கும், அவ்வளவே. மயிரை மூன்று அடுக்காகப் பிரித்துக் கட்டுங்கள்: முதல் அடுக்கு டியூபும் முள்ளும் சேர்ந்த நீளம், இரண்டாவது ஒன்றரை மடங்கு, மூன்றாவது இரண்டு மடங்கு. ஒவ்வோர் அடுக்குக்கு முன்னாலும் மென்மையான ஹாக்கில் இறகை (கோழியின் கழுத்து இறகு) இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்த இறகு அடுக்குகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும். அடுக்குகளுக்கு நடுவே மினுக்கிழை நான்கிலிருந்து ஆறு. அதைத் தாண்டினால் மினுக்கிழைகளே மயிரைச் சேர்த்துக் கட்டிவிடும்.

அடிக்கம்பளி முழுவதையும் சீவி எடுத்துவிட்டாலும் இதே கோளாறு வரும். மேல்மயிர் மட்டும் மிஞ்சினால் உள்ளே பருமன் கொடுக்க எதுவுமில்லை. கட்டும் இடத்தின் ஒரு சென்டிமீட்டரில் மட்டும் கம்பளியை எடுத்து, மேலே விட்டுவிடுங்கள்.

சிறகு கொத்தாகக் கையோடு வந்துவிடுகிறது

மயிர் பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் அனேகமாக ஒன்றே: கற்றையின் நடுவில் இருக்கும் மயிரை நூல் தொடவே இல்லை. ஃபின்ராக்கூனின் கம்பளி வழவழப்பானது. வெளிச்சுற்று இறுக்கமாக இருந்தாலும் உள்ளே நழுவும். தீக்குச்சிப் பருமனுக்கு மேல் ஒரே தடவையில் கட்டாதீர்கள். அடிப்பகுதியைப் பேன் சீப்பால் நான்கைந்து முறை சீவுங்கள். மூன்று இறுக்கமான சுற்றுப் போட்டதும் மிச்சமிருக்கும் அடிமயிரைச் சாய்வாக வெட்டி, வெட்டு முகத்தில் நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு பொட்டு. அது மயிருக்குள் இறங்க ஐந்து நொடி விட்டு, அதன்மேல் மறுபடி நூல் சுற்றுங்கள். பசையைக் கடைசியில் தலைமேல் தடவினால் அது மேலோடாக நின்றுவிடும்.

சரிபார்க்க, ஒவ்வோர் அடுக்குக்குப் பின்னும் நுனியைப் பிடித்து உறுதியாக இழுங்கள். ஓரிரு இழை வருவது இயல்பு. பத்து வந்தால் அவிழ்த்துக் கட்டுங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கை ஏற்றினால் பிரச்சினை உள்ளே புதைந்துவிடும்.

டியூப் ஊசியில் சுழல்கிறது, கோன் கழன்றுவிடுகிறது

டியூப் சுழன்றால் நூலின் இறுக்கம் முழுவதும் வீணாகும். வைஸில் டியூபைத் தாங்கும் ஊசியின் தடித்த பகுதிவரை டியூபை ஏற்றி அழுத்துங்கள். பிளாஸ்டிக் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, அடித்தள நூலைப் பசையோடு சுற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னொரு நாள் மீன் இழுக்கும்போது உடல் முழுவதுமே டியூபில் வழுக்கி நகரும்.

கோன் கழல்வது பிளாஸ்டிக் முனையை உருக்குவதில் நேரும் பிழை. கோனுக்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, லைட்டர் தீயை அருகில் கொண்டுவந்தால் போதும், தொட வேண்டாம். முனை தானே பின்னுக்கு உருண்டு வளையமாகும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விட்டால் வளையம் உருவாகாது. அதிகமாக விட்டால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே மடிந்து துளையை அடைத்துவிடும். ஊசியை எடுக்காமலே உருக்கினால் துளை திறந்திருக்கும். சூடு ஆறும்முன் ஒருமுறை சுழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். சிறகு மயிர் தீப்பிடிக்கும் என்பதால் அதை ஈர விரலால் பின்னுக்குப் பிடித்துக்கொள்வது அவசியம். துளை விளிம்பு கூராக இருந்தால் நரம்பை அறுக்கும், நகத்தால் தடவிப் பாருங்கள்.

மட்லர் தலையில் மான் மயிர் விரியவில்லை

மயிர் நூலுக்கடியில் படுத்தே கிடந்தால் மூன்றைச் சோதிக்க வேண்டும். ஒன்று, முள்ளின் தண்டு. மயிரைச் சுழற்றி விரிக்க வேண்டிய பகுதியில் நூல் அடித்தளம் இருக்கக்கூடாது. வெறும் உலோகத்தில்தான் மயிர் சுழலும். உடலை முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கட்டும் வளையம்) வெகு அருகில் கொண்டுவந்து முடித்திருந்தால் இடமே இருக்காது. தண்டில் முன்பக்க மூன்றில் ஒரு பங்கைத் தலைக்கு விடுங்கள். இரண்டு, மயிரின் தன்மை. விரலால் அழுத்தினால் நசுங்கும், உள்ளே வெற்றிடமுள்ள தடித்த உடல்மயிர் வேண்டும். வால்மயிரும் தலைமயிரும் விரியாது. அடிக்கம்பளி துளியும் இருக்கக்கூடாது, இங்கே அது முழுத்தடை. டியூப் சிறகில் பாதியை விட்டுவைத்த பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். மூன்று, நூல். மெல்லிய நூலால் இறுக்கவே முடியாது. ஜி.எஸ்.பி. எனும் பாலிஎத்திலீன் நூல், 100 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அலகு) அளவு, இதற்கென்றே வந்ததுபோல் இருக்கும்.

முறை: 6ஆம் எண் முள்ளுக்குப் பென்சில் பருமனில் முக்கால் கற்றை. முதல் இரண்டு சுற்று தளர்வாக. மூன்றாவதை இறுக்கும்போதே கற்றையைப் பிடித்த விரலை விட்டுவிடுங்கள், மயிர் தண்டைச் சுற்றிப் பரவும். விட்ட இடத்திலேயே நூலை நிறுத்தாமல், மயிருக்கிடையே வளைத்து வளைத்து மூன்று சுற்றுப் போட்டு முன்னால் வாருங்கள். பிறகு விரல் நகத்தால் பின்னுக்குத் தள்ளி நெருக்குங்கள்.

ரெயின்டீர் மயிர் ஒடிகிறது

லாப்லாந்தில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் மான் மயிருக்குப் பதில் ரெயின்டீர் மயிரை எடுக்கிறார்கள். குளிர்காலத்து மயிர் நன்றாக மிதக்கும், நன்றாக விரியும். ஆனால் நொறுங்கக்கூடியது. மேலே பரிந்துரைத்த ஜி.எஸ்.பி. நூல் இதைக் கத்திபோல் அறுத்துவிடும். இங்கே தட்டையாகப் படியும் 140 டெனியர் நைலானுக்கு மாறுங்கள். சுற்றச் சுற்ற நூல் முறுக்கேறிக் கம்பியாகும். அதனால் ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை பாபினை (நூல் உருளையைத் தாங்கும் கருவி) தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் நூல் மறுபடி தட்டையாகும் (வலக்கைக்காரர்களுக்கு).

இதையெல்லாம் செய்தும் ஒடிந்தால் தோல் பழசு, மயிர் காய்ந்துவிட்டது. ரெயின்டீரை வெட்டிச் செதுக்கும் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் நிறையக் கடிக்கும் நீரில் கேடிஸ் சிறகுக்கு ரோ மான் மயிரே நீடிக்கும்.

மட்லரைத் துரத்தும் ட்ரௌட் கடித்தும் மாட்டவில்லை

முன்னிருந்து பாருங்கள். தலையின் கீழ்ப்பாதி முள்ளின் வாயை (தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அடைத்திருந்தால் மீன் மயிரைத்தான் கடிக்கிறது. செதுக்கும்போது முதல் வெட்டு கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்: இரட்டை விளிம்பு சவரப் பிளேடைப் பாதியாக ஒடித்து, தண்டை ஒட்டித் தட்டையாக இழுங்கள். பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பகுதி. மேல்பகுதிக்குப் பிளேடை லேசாக வளைத்துப் பிடித்தால் உருட்சி தானே வரும். செதுக்கும்முன் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் நசுங்கிய மயிர்கள் எழுந்துகொள்ளும், அப்புறம் பிசிறு தெரியாது.

தலை சீக்கிரம் நனைந்து மூழ்கினால் நெருக்கம் போதவில்லை. நீர்மேல் கீறிக்கொண்டு வரவேண்டிய மட்லருக்கு மூன்று கற்றையாவது தேவை. நீருக்கடியில் ஓட்டும் மட்லருக்கு ஒன்றரை போதும், அதில் நெருக்கம் அதிகமானால்தான் தொல்லை.

கேடிஸ் கவிழ்கிறது, அல்லது நான்காவது வீச்சில் மூழ்குகிறது

நல்லே பூ வகைக் கேடிஸ்களை, அதாவது டப்பிங் உடல், உடல் நெடுகச் சுற்றிய பழுப்பு ஹாக்கில், மேலே மயிர்ச் சிறகு என்ற அமைப்பை, 10 முதல் 14 வரையான முள்ளில் கட்டுவார்கள். நடுப் பின்லாந்தின் வீட்டாசாரி ஊரில் உள்ள ஹுவோபனன்கோஸ்கி போன்ற வேகநீர்களில் கோடை இரவு முழுவதும் மிதக்க வேண்டியது இது. கவிழ்ந்தால் சிறகு கனம். 12ஆம் எண்ணுக்கு, அழுத்திப் பிடித்தால் 2 மில்லிமீட்டர் தாண்டாத கற்றை போதும். நுனி முள்ளின் வளைவைச் சற்றே தாண்டினால் சரி. சிறகு தண்டின் பக்கமாக உருண்டு இறங்கினால் மான் தலைக்குச் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்யுங்கள்: கட்டும் இடத்தில் நெருக்கமான நூல் அடித்தளம், அதன்மேல் துளி பசை, பிறகு சிறகு.

மூழ்குவதற்கு முதற்காரணம் ஹாக்கில். இழையின் நீளம் முள்ளின் வாயைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். முன்பக்கம் நான்கைந்து சுற்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்தியச் சேவல் கழுத்துத் தோலின் இழைகள் மென்மையானவை. நீருக்குள் ஓடும் ஃப்ளைக்கு அருமையாக உதவும், மிதப்பதற்கு உதவாது. ஹாக்கிலின் அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டிவிட்டால் ஃப்ளை தாழ்வாகவும் நேராகவும் உட்காரும். இரண்டாவது காரணம் டப்பிங்: கம்பளியை இறுக்கிச் சுற்றினால் நீரை உறிஞ்சும். பாலிப்ரோப்பிலீன் இழையைத் தளர்வாகச் சுற்றுங்கள். மிதப்புப் பசையை வீசும்முன் மிகக் கொஞ்சமாக மயிரில் தடவுங்கள். சி.டி.சி. எனப்படும் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பி இறகு சேர்த்திருந்தால் பசையைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், இழைகள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு உலர்த்தும் தூள்தான்.

நரம்பு முறுக்கிக்கொண்டு வந்தால், காற்றில் ஃப்ளை காற்றாடியாகிறது என்று பொருள். சிறகைக் குறுக்கி, நரம்பை ஒரு படி தடித்ததாக மாற்றுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

நூல் ஒரே இடத்தில் அறுந்துகொண்டிருந்தால் பாபின் குழாயின் வாயில் பிசிறு இருக்கும். பஞ்சை இழுத்துப் பாருங்கள், மாட்டினால் குழாயை மாற்றுங்கள். கண்ணில் வார்னிஷ் அடைத்தால் காயும் முன்னரே ஒரு பழைய ஹாக்கில் இறகை நுழைத்து இழுத்துவிடலாம். தலையில் வார்னிஷ் வெடித்தால், முதல் பூச்சு காயும்முன் இரண்டாவதைப் போட்டிருப்பீர்கள். புற ஊதாப் பிசின் பிசுபிசுத்தால் பூச்சு தடிமன். மெல்லியதாக இருமுறை பூசி, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். சிவப்பும் கருப்பும் சாயம் விட்டு மஞ்சள் உடலை அழுக்காக்கினால், கட்டும்முன் அந்தத் தோலை வினிகர் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

பிடித்து விடுவிக்கும் வேகநீர்ப் பகுதிகள் பலவற்றில் எதிர்முள் (முனைக்கருகில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத முள்ளுக்கே அனுமதி. எதிர்முள்ளைக் கட்டும் முன்பே இடுக்கியால் நசுக்குங்கள். சில முட்கள் நசுக்கும்போதே முறியும், கட்டி முடித்த பிறகு முறிந்தால் வேலை முழுவதும் போய்விடும்.

பெட்டியில் இருக்கும் தோல்களின் அடியில் மயிர்த்தூள் கொட்டியிருந்தால், இறகுகளில் வழித்தெடுத்ததுபோல் வெட்டு தெரிந்தால், அந்துப்பூச்சியோ தோல் வண்டோ வந்துவிட்டது. பாதிக்கப்பட்டதை உடனே பிரித்து, மூடிய பையில் போட்டு, −18 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு வாரம் அறை வெப்பத்தில் விட்டு, மறுபடி ஒரு வாரம் உறையவையுங்கள். முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் இரண்டாவதில் போகும். புதிதாக வாங்கிய தோலையும் மற்றவற்றோடு சேர்க்கும் முன் இதேபோல் செய்துவிடுங்கள்.